வீட்டில் திராட்சை ஒயின்: முதல் முறை செய்பவர்களுக்கான முழுமையான பாதுகாப்பு வழிகாட்டி

செப்டம்பர் கடைசியில் ஒன்டாரியோவில் எந்தப் பழக்கடைக்குப் போனாலும் கான்கார்ட் திராட்சை வாசம் வாசலிலேயே வந்துவிடும். நயாகரா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கூடை கூடையாக வந்து இறங்கும். கறுப்புப் பழம், மேலே சாம்பல் பூத்த மாதிரி ஒரு பூச்சு, விரலால் அழுத்தினால் தோல் தனியாகக் கழன்று சதை மட்டும் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். ஊரில் பெங்களூர் ப்ளூ சாப்பிட்டவர்களுக்கு இந்த வாசம் புதிதாக இருக்காது. இரண்டும் ஒரே வட அமெரிக்கத் திராட்சை இனத்தின் வழி வந்தவை.

எதிர்வீட்டு இத்தாலியப் பெரியவரின் கராஜில் நின்று பார்த்துத்தான் நான் ஒயின் செய்யக் கற்றேன். வருடா வருடம் யாராவது நண்பர் "நானும் இந்த முறை செய்து பார்க்கிறேன்" என்பார். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "அண்ணே, கண்ணு கிண்ணு போயிடாதுல்ல?"

கண் போகாது. ஆனால் காயம் படலாம், மயங்கி விழலாம். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறு எதற்கோ பயப்படுகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெத்தனால் பயம்

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியும். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேல். அவர்களைக் கொன்றது தொழிற்சாலை வேலைக்கான மெத்தனால், கண்ணைப் பறித்து உயிரையும் எடுக்கும் நச்சு ஆல்கஹால். அதைச் சாராயம் என்று விற்றார்கள், வாங்கிக் குடித்தவர்கள் போய்விட்டார்கள்.

திராட்சையை நொதிக்க வைக்கும்போதும் பழத்திலுள்ள பெக்டினிலிருந்து கொஞ்சம் மெத்தனால் வரத்தான் செய்யும். கடையில் வாங்கும் ஒயினிலும் அது இருக்கிறது. அந்த அளவு கண்ணைப் பறிக்காது. ஆகவே இந்த விஷயத்தில் இரண்டே விதிகள். ஒன்று, செய்த ஒயினைக் காய்ச்சி வடிக்கும் வேலைக்குப் போகவே கூடாது. கனடாவில் 2001-ஆம் ஆண்டின் எக்சைஸ் சட்டப்படி உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம். அதோடு ஆல்கஹால் ஆவி அடுப்பில் பற்றினால் வீடே போய்விடும். இரண்டு, போதை ஏற வேண்டும் என்று எந்த ஸ்பிரிட்டையும் வாங்கி ஊற்றாதீர்கள்.

சட்டம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஒன்டாரியோவில் 19 வயது நிரம்பியவர் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ஒயின் செய்யலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைத் தடை செய்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு ஜாடி என்றாலும் அது பொருந்தும். நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் திராட்சை வாங்குங்கள்.

முதல் வேலை: இடம் பார்ப்பது

நொதிக்கும்போது சர்க்கரையில் ஏறக்குறைய பாதி எடை ஆல்கஹாலாகவும் மறுபாதி கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. 1 கிலோ சர்க்கரை நொதித்தால் சுமார் 250 லிட்டர் வாயு வரும். 4 லிட்டர் ஒயின் போட்டால் 200 லிட்டருக்கு மேல். 20 லிட்டர் போட்டால் 1,000 லிட்டரைத் தாண்டும், அதுவும் பெரும்பகுதி முதல் ஒரு வாரத்துக்குள். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். நிறமும் வாசமும் இல்லாமல் தரையோடு தேங்கும்.

இங்கே பலர் பீப்பாயைக் கொண்டுபோய் வைப்பது பேஸ்மென்ட்டில் உள்ள கோல்ட் ரூமில். வாசல் திண்ணைக்குக் கீழே, ஒரே கதவோடு, நாலுக்கு எட்டு அடியில் இருக்கும் அறை. குளிர்ச்சி நல்லதுதான். ஆனால் நிறைய நொதிக்கும்போது அதன் கதவை மூடிவைத்தால் அது ஒரு கிணறு.

கிணறு என்று சும்மா சொல்லவில்லை. தேனிப் பக்கம் எங்கள் ஊரில் தூர் வாரக் கிணற்றில் இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார், மூன்றாவதாக ஒருவரும் போவார். பெரியவர்கள் இறங்குவதற்கு முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையை இங்கே நம்ப வேண்டாம். இந்த வாயு சேர்ந்தால், விளக்கு அணைவதற்கு முன்னாலேயே மனிதனுக்குத் தலை சுற்றிவிடும். வீட்டில் மாட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் உதவாது. அது வேறு வாயுவுக்கானது, கார்பன் டை ஆக்சைடுக்கு அது சத்தமே போடாது.

அதனால் முதல் முறை 4 லிட்டர் மட்டும் போடுங்கள். காற்றோட்டமுள்ள பெரிய அறையில், அல்லது கதவு திறந்திருக்கும் கராஜில் வையுங்கள். படுக்கையறை வேண்டாம். பக்கெட்டுக்குள் தலையைக் குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டாம். ஒருமுறை அப்படிக் குனிந்தவருக்கு அது தெரியும்: சோடாவை ஒரே மூச்சில் குடித்தால் மூக்கில் ஏறுமே, அந்த எரிச்சல் பத்து மடங்காக ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு ஒரு கணம் நின்றுபோகும். பெரிய அளவில் செய்யும் யார் வீட்டிலாவது ஒருவர் அறைக்குள் விழுந்து கிடப்பதைப் பார்த்தால் உள்ளே ஓடாதீர்கள். கதவை அகலத் திறந்துவிட்டு 911-ஐ அழையுங்கள்.

இரண்டாவது வேலை: பாத்திரம்

திராட்சைச் சாறு புளிப்பு. அந்தப் புளிப்பில் வாரக்கணக்கில் ஊறும்போது உலோகம் கரையும். ஈயம் பூசாத பித்தளை அண்டாவில் ஏன் புளிக்குழம்பு வைக்க மாட்டார்கள் என்று பாட்டிமார்களுக்குத் தெரியும். ஒயினுக்கும் அதே காரணம். பித்தளை, செம்பு, இரும்பு, அலுமினியம் நான்கும் வேண்டாம். நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சரி.

ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த பழைய ஊறுகாய் ஜாடியில் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பழைய ஜாடிகளின் பளபளப்புப் பூச்சில் காரீயம் இருக்கலாம், புளிப்பு அதை இழுத்துக்கொள்ளும். அது அலமாரியில் அழகாக இருக்கட்டும்.

வாங்க வேண்டியவை: உணவுக்கு உகந்தது என்று அச்சிட்ட 8 அல்லது 10 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று, 4 லிட்டர் ஜாடி இரண்டு, ஏர்லாக் ஒன்று (வாயுவை வெளியே விடும், காற்றை உள்ளே விடாது), அதை மாட்டத் துளையுள்ள ரப்பர் மூடி, ஹைட்ரோமீட்டர் (சாற்றில் மிதந்து அதன் அடர்த்தியைக் காட்டும், தண்ணீர் என்றால் 1.000, சர்க்கரை கூடினால் எண் கூடும்), ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு ஒயினை இறக்கக் கையால் அடிக்கும் சைஃபன் குழாய். பெயின்ட் வந்த பக்கெட், டிடர்ஜென்ட் வந்த பக்கெட் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

ஜாடி கண்ணாடியா பிளாஸ்டிக்கா? முதல் முறைக்குப் பிளாஸ்டிக் என்று சொல்வேன். கார்பாய் என்ற 23 லிட்டர் பெரிய கண்ணாடி ஜாடி நிரம்பினால் 30 கிலோ பக்கம் வரும். ஈரக் கையோடு கழுத்தைப் பிடித்துத் தூக்குவார்கள், கழுத்து கையோடு வந்துவிடும். கண்ணாடிச் சில்லு மணிக்கட்டு நரம்பை அறுத்த கதைகள் ஒயின் செய்பவர்களிடையே ஏராளம். கண்ணாடிதான் வேண்டும் என்றால் பால் கிரேட்டுக்குள் வைத்து அதன் பிடியைப் பிடித்துத் தூக்குங்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவாதீர்கள், திடீர்ச் சூட்டில் அடி அப்படியே கழன்று விழும்.

மூன்றாவது வேலை: கழுவுவதும் கிருமி நீக்குவதும்

இவை இரண்டு தனி வேலைகள். முதலில் சோப்பு போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி அழுக்கை எடுக்க வேண்டும். அழுக்கின் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும் வேலை செய்யாது. அப்புறம் கிருமிநாசினி. ஸ்டார் சான் மாதிரி அலசத் தேவையில்லாத திரவம் எளிது. புட்டியில் உள்ள அளவுப்படி தண்ணீரில் கலக்குங்கள். கலக்காத திரவம் கடும் அமிலம், தோலை எரிக்கும், கையுறை போடுங்கள்.

வீட்டில் இருக்கிறதே என்று ப்ளீச் எடுக்காதீர்கள். ப்ளீச்சோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஸ்டார் சானும் அமிலம்தான். அதோடு ப்ளீச் வாசம் ஒயினில் ஈர அட்டை நாற்றமாக மாறி நிற்கும்.

அடுத்து சல்பைட். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்ற வெள்ளைப் பொடி, பழத்தோடு தானாக வரும் காட்டு ஈஸ்ட்டையும் (ஈஸ்ட் என்பது சர்க்கரையை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்) பாக்டீரியாவையும் அடக்கப் போடுவது. இதிலிருந்து வரும் சல்பர் டை ஆக்சைடு, எரிந்த தீக்குச்சி வாசத்தோடு தொண்டையைப் பிடிக்கும். என் மனைவிக்கு வீசிங் உண்டு. முதல் வருடம் சமையலறையில் நான் பொட்டலத்தைப் பிரித்தேன், அவள் பக்கத்து அறையிலிருந்து இருமிக்கொண்டே இன்ஹேலரைத் தேடினாள். அதற்குப் பிறகு பொடியைக் கொல்லைப்புறத்தில்தான் பிரிக்கிறேன். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஒயினில் கரைந்திருக்கும் சல்பைட்டும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே யாருக்கு ஊற்றிக் கொடுத்தாலும் சல்பைட் போட்டிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். கனடாவில் 10 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 10 பங்கு) மேல் சல்பைட் இருந்தால் கடைப் பாட்டிலில் அச்சிட்டே ஆக வேண்டும்.

புதியவர்கள் பொடியை வாங்க வேண்டாம், அதே சல்பைட்டை அளவாக அழுத்திய கேம்ப்டன் மாத்திரை வாங்குங்கள். 4 லிட்டருக்கு ஒரு மாத்திரை, நசுக்கிக் கரைத்தால் போதும். ஸ்பூன் கணக்கில் கை தவறிக் கூடிப்போகும் பேச்சே இல்லை.

நான்காவது வேலை: பழம்

4 லிட்டருக்கு 6 கிலோ திராட்சை தாராளம். ஒவ்வொரு கொத்தாகக் கையில் எடுத்துப் பாருங்கள். பூஞ்சை பிடித்தது, கறுத்து அழுகியது, வெடித்துப் புளித்தது எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள். "எப்படியும் நொதிக்கப் போகிறதே" என்று சேர்க்காதீர்கள். ஓக்ராடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு நொதித்த பிறகும் ஒயினில் தங்கும். காம்பை எடுத்து, தண்ணீரில் அலசி, பக்கெட்டில் போட்டுக் கையுறையோடு பிசையுங்கள். வெறும் கையால் கான்கார்டைப் பிசைந்தால் சிறிது நேரத்தில் அரிப்பெடுக்கும். குளவிகளும் கூட்டமாக வரும், குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள்.

திராட்சையில் ஆரம்பிக்கச் சொல்வதற்குக் காரணம் அதன் புளிப்புதான். புளிப்பை அளக்கும் எண் பிஹெச், எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6-க்குக் கீழே இருந்தால், போட்டுலிசம் என்ற உயிரைப் பறிக்கும் நச்சு நோயை உண்டாக்கும் கிருமி வளராது. திராட்சைச் சாறு பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில் நிற்கும். காய்கறி, கிழங்கு அப்படி இல்லை. 2011-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலச் சிறை ஒன்றில், கைதிகள் உருளைக்கிழங்கு போட்டு மறைவாகச் செய்த மதுவைக் குடித்து 8 பேர் போட்டுலிசத்தில் விழுந்தார்கள். வாழைப்பழம், பேரீச்சை, கேரட் எல்லாம் பிஹெச் பார்த்து அமிலம் சேர்க்கக் கற்ற பிறகு செய்யலாம். செர்ரி, பிளம்ஸ் என்றால் கொட்டையை உடைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பருப்பு சயனைடு தரும்.

பிசைந்ததும் மாத்திரையைக் கரைத்து ஊற்றி, மெல்லிய துணியால் மூடி 24 மணி நேரம் விடுங்கள்.

ஐந்தாவது வேலை: ஈஸ்ட், முதல் நொதிப்பு

கொஞ்சம் சாற்றை மட்டும் வடித்து ஹைட்ரோமீட்டரை மிதக்க விடுங்கள், தோலும் சக்கையும் பக்கெட்டிலேயே இருக்கட்டும். கான்கார்ட் 1.065 பக்கம் காட்டும். 1.090 வரை ஏற்றினால் 12 சதவீதம் சொச்சம் ஆல்கஹால் வரும், அது போதும். லிட்டருக்குச் சுமார் 65 கிராம் சர்க்கரை, ஆக 4 லிட்டர் சாற்றுக்கு 260 கிராம். இன்னும் இரண்டு கை சர்க்கரை போட்டால் ஸ்ட்ராங்காக வருமே என்று தோன்றும். போடாதீர்கள். ஈஸ்ட் பாதியில் களைத்து நின்று, மிச்சச் சர்க்கரை பாட்டிலுக்குப் போவதில்தான் அது முடியும்.

ஹைட்ரோமீட்டரைச் சாற்றுப் பக்கெட்டுக்குள்ளேயே போடாமல் தனிக் குழாயில் சாறு எடுத்துப் பாருங்கள். மெல்லிய கண்ணாடி, அடியில் உலோகக் குண்டு. பக்கெட்டுக்குள் உடைந்தால் மொத்தத்தையும் கொட்டத்தான் வேண்டும்.

ஈஸ்ட் கடை ஒயின் ஈஸ்ட்டாக இருக்கட்டும். கான்கார்டுக்கு லால்வின் 71பி எனக்குப் பிடிக்கும், அதன் கூர்மையான புளிப்பைக் கொஞ்சம் தணிக்கும். 40 டிகிரி வெதுவெதுப்பில் 50 மில்லி தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து ஊற்றுங்கள்.

முதல் ஒரு வாரம் பக்கெட்டை இறுக்கி மூடக் கூடாது. முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பவும் கூடாது. தோலும் சக்கையும் வாயுவோடு மேலே எழும்பி ஒரு தட்டு போல் நிற்கும். ஏர்லாக் மாட்டி மூடியை அழுத்தியிருந்தால் சக்கை துளையை அடைக்கும், மூடி பறந்து கூரையில் ஊதா நிறம் அடிக்கும். துணி போட்டுக் கட்டினால் போதும். காலையும் மாலையும் சுத்தமான கரண்டியால் அந்தத் தட்டை உள்ளே அமுக்குங்கள். மேலே காய்ந்து கிடந்தால் அங்கேதான் பூஞ்சை வரும். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி முளைத்துவிட்டால் வழித்தெடுத்துவிட்டுத் தொடராதீர்கள், மொத்தத்தையும் கொட்டுங்கள். அழுகிய முட்டை வாசம் லேசாக வந்தால் கிளறிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். வினிகர் வாசம் வந்தால் ஆபத்து ஒன்றுமில்லை, அது வினிகராகிக்கொண்டிருக்கிறது, சாலடுக்கு ஆகும்.

ஆறாவது வேலை: ஜாடிக்கு மாற்றுவது

ஹைட்ரோமீட்டர் 1.010-க்கு இறங்கியதும் துணியில் பிழிந்து ஜாடிக்கு மாற்றி ஏர்லாக் மாட்டுங்கள். ஏர்லாக்கில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரத்தில் அடியில் மண்டி தங்கும், சைஃபனால் தெளிவை மட்டும் வேறு ஜாடிக்கு எடுங்கள். வாயால் உறிஞ்சி இழுக்காதீர்கள், வாய்க்கிருமி மொத்தமும் ஒயினுக்குப் போகும். இரண்டு மூன்று மாதம் இப்படியே தெளியட்டும்.

பிழிந்த சக்கையைக் கொல்லைப்புறத்தில் கொட்ட வேண்டாம். திராட்சை நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதில் ஆல்கஹாலும் சேர்ந்திருக்கிறது. உங்களிடம் நாய் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டும். பையில் கட்டி மூடியுள்ள தொட்டியில் போடுங்கள்.

ஏழாவது வேலை: பாட்டில்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் நான் இங்கேதான் அடிபட்டேன். இரண்டாம் வருடம். ஒயின் தெளிந்துவிட்டது, ருசி கொஞ்சம் வறண்டிருந்தது. பாட்டிலுக்கு ஐந்து டீஸ்பூன் சர்க்கரை போட்டு, திருகு மூடியை இறுக்கி, 12 பாட்டில்களை டிசம்பரில் பேஸ்மென்ட் அலமாரியில் அடுக்கினேன். பிப்ரவரியில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்குக் கீழே துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். இறங்கிப் போவதற்குள் இன்னொன்று. விளக்கைப் போட்டுப் பார்த்தால் சுவரெல்லாம் ஊதா, ஒரு நீளச் சில்லு ட்ரைவாலில் குத்தி நின்றுகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே என் மகளின் சின்ன சைக்கிள். சாயங்காலம் அவள் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடும். முக்கால் லிட்டர் பாட்டிலில் ஐந்து டீஸ்பூன் என்பது லிட்டருக்கு 25 கிராமுக்கு மேல். அப்படியானால் 6 வளிமண்டலம், கார் டயரில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஷாம்பெயின் பாட்டில் அதற்கென்றே கனமாகச் செய்யப்படுகிறது, சாதாரண ஒயின் பாட்டில் தாங்காது. தெளிந்த ஒயினிலும் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். குளிரில் அது தூங்கியதை நொதிப்பு முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஆகவே ஏர்லாக்கில் குமிழி நின்றதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹைட்ரோமீட்டர் 0.998 அல்லது அதற்குக் கீழே காட்ட வேண்டும், 20 டிகிரி பக்கம் சூடுள்ள அறையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தாலும் அதே எண் நிற்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் பாட்டில்.

இனிப்பு வேண்டுமா? முதல் முறைக்கு எளிய வழி, குடிக்கும்போது கிளாஸில் சர்க்கரை கலந்துகொள்வது. பாட்டிலிலேயே இனிப்பு வேண்டுமென்றால் பொட்டாசியம் சார்பேட்டும் சல்பைட்டும் பொட்டலத்தில் சொன்ன அளவில் சேர்த்து, சில நாள் விட்டு, அப்புறம் சர்க்கரை. சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகாமல் தடுக்கும், அவ்வளவுதான். நொதித்துக்கொண்டிருக்கும் ஒயினில் போட்டுப் பயனில்லை.

ஒரு பாட்டிலை மட்டும் கண்ணாடிக்குப் பதில் சுத்தமான சின்ன சோடா பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பி, மற்றவற்றோடே வையுங்கள். வாரம் ஒருமுறை அதை அமுக்கிப் பாருங்கள். விரலுக்கு நெகிழ்ந்தால் சரி. கல் மாதிரி இறுகியிருந்தால் மற்றப் பாட்டில்களுக்குள்ளும் அதே அழுத்தம் இருக்கிறது.

அப்படி ஆகிவிட்டால் பாட்டில்களை உடனே தொடாதீர்கள். அறையைக் குளிர விடுங்கள், இங்கே குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்தாலே போதும். ஒரு நாள் கழித்து, முழு முகக் கவசம், தடித்த தோல் கையுறை, முழுக்கைக் கோட்டோடு போய், ஒவ்வொரு பாட்டிலையும் கனமான துண்டால் சுற்றி மூடியை மெதுவாகத் திறந்து வாயுவை விடுங்கள். மீதிப் பத்தையும் நான் அப்படித்தான் திறந்தேன்.

குடிப்பதும் வைப்பதும்

ஆரம்ப எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் வரும்: 1.090-இல் 0.996 போக 0.094, அது 12.3 சதவீதம். பாட்டில் மேல் அந்த எண்ணையும் தேதியையும் சல்பைட் என்ற வார்த்தையையும் எழுதி ஒட்டுங்கள். வீட்டு ஒயின் ஜூஸ் மாதிரி இறங்கும், கடை ஒயின் அளவுக்கே ஏறும். கனடாவில் ஒரு டிரிங்க் என்பது 12 சதவீத ஒயினில் 142 மில்லி. 2023-இல் வந்த கனடிய வழிகாட்டல், வாரத்துக்கு ஒன்றிரண்டு டிரிங்கைத்தான் குறைந்த ஆபத்து என்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஒரு வாய்கூட வேண்டாம். மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொட வேண்டாம். விருந்துக்கு வந்தவர் கார் சாவியோடு வந்தால் கையில் பாட்டிலைக் கொடுத்து அனுப்புங்கள், வீட்டில் போய்க் குடிக்கட்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இது திராட்சை ஜூஸ் நிறத்தில், ஜூஸ் வாசத்தில் இருக்கும் பொருள். பூட்டு போட்ட அலமாரி, அதன் தரைமட்டத் தட்டில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, பாட்டில்கள் அந்தப் பெட்டிக்குள். முதல் வருடப் பாட்டில்களை ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு முறை பாருங்கள். வெயில் வந்து பேஸ்மென்ட் சூடேறும் சமயம் அது. அந்தச் சோதனை பாட்டிலை அப்போதும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.